காசி யாத்திரையும் கடன்சீட்டும்

"காசிக்குப் போயும் கருமம் தொலையவில்லை" என்பது நம் பெண்டிர் வாயில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. கேட்டுச் சிரிப்போர் பலர். நின்று ஆராய்வோர் சிலர். கருமம் தொலைந்ததோ இல்லையோ நாம் அறியோம். காசிக்குச் சென்று மீண்ட நம் தோட்டத்து மக்களிற் பலருக்குக் கைப்பொருள் தொலைந்தது என்பதை மட்டும், வரவு செலவு எழுதியே காலங்கழிக்கும் கிராணியாகிய நாம் திண்ணமாகச் சொல்வோம். சொல்லுதற்கு நமக்குள்ள உரிமை யாதெனில், அப்பொருள் தொலைவதற்கு வேண்டிய விண்ணப்பத்தை நம் கையாலேயே எழுதிக் கொடுத்தோம் என்பதே.

நம் தோட்டத்தில் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். நாற்பதாண்டு பால்மரம் வெட்டியவர். மரம் போய்ச் செம்பனை வந்த பின்னரும் லயத்தை விட்டுப் போகாதவர். கணவர் இறந்து ஆறாண்டு ஆயிற்று. "அவருக்குக் காசியிலே ஒரு பிண்டம் போட்டுவிட்டால் என் கடமை தீர்ந்தது, தம்பி" என்று ஒரு நாள் நம் மேசை முன் வந்து நின்றார். ஊழியர் சேமநிதியில் அவர் எடுக்காமல் வைத்திருந்த 5,000 வெள்ளிதான் அவருடைய கடைசிச் சேமிப்பு. தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த பேத்தியின் சேர்க்கைப் பணத்துக்கென்று ஒதுக்கிய தொகை அது. நாம் அதை அறிவோம். அறிந்தும், "பாட்டி, சற்று யோசியுங்கள்" என்று ஒரு சொல் மட்டும் சொல்லிவிட்டு, விண்ணப்பத்தை நிரப்பி அவர் கைந்நாட்டை வாங்கினோம். போதாததற்கு வட்டிக்காரர் ஒருவரிடம் 3,000 வெள்ளி வாங்கினார். மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி. அக்கடன்சீட்டைப் படித்துச் சொன்னவரும் நாமே.

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிரயாணத் தரகர் ஒருவர் திரட்டிய பதினால்வர் கூட்டத்தில் அவரும் இருந்தார், நாமும் இருந்தோம். நாம் போனது புண்ணியத்துக்கன்று. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம் காசியை முதன்முதல் அறிந்தது ஆங்கிலப் புத்தகங்களால். அவற்றுட் சில அவ்வூரை வானளாவப் புகழ்ந்தன. சில மூக்கைப் பிடித்துக்கொண்டு இகழ்ந்தன. இரண்டையும் நம்பாமல் கண்ணாற் காண விரும்பினோம். கண்டோம். கண்டதைச் சொல்லாமல் இருத்தல் நம் தோட்டத்து மக்களுக்குச் செய்யும் துரோகமாகும் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

காசி என்னும் ஊர்

முதலில் அவ்வூரின் பெருமையை ஒளியாது கூறிவிடுவோம். தென்கிழக்கு நோக்கி ஓடும் கங்கை அவ்விடத்தில் வடக்கு நோக்கித் திரும்புகிறது. மேற்குக் கரையிலே பிறை போல் வளைந்து நகரம் அமைந்திருக்கிறது. ஆகவே, எதிர்க்கரையில் எழும் சூரியனின் முதற்கதிர் ஊர் முழுவதன் முகத்திலும் ஒருங்கே படுகிறது. அசி என்னும் ஓடை சேருமிடந் தொடங்கி வருணை சேருமிடம் வரை எண்பதுக்கு மேற்பட்ட படித்துறைகள் உள்ளன. அவ்விரண்டு நீரின் பெயரும் சேர்ந்தே வாரணாசி ஆயிற்று என்பது வழக்கு. மாடும் மனிதரும் மோட்டார் சைக்கிளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு செல்லும் சந்துகளில் நெசவாளர் தறியோசை கேட்கிறது. இன்றுள்ள விசுவநாதர் கோயிலை 1780ஆம் ஆண்டையொட்டி எடுப்பித்தவர் இந்தூர் அரசி அகல்யாபாய். அக்கோயிலிலிருந்து ஆற்றங்கரை வரை வீடுகளை அகற்றிச் சமைத்த அகன்ற வழி 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது.

தமிழருக்கு அவ்வூர் அந்நியமுமன்று. குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டிலேயே அங்குச் சென்று மடம் நிறுவினார். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்கு நாள்தோறும் பூசைப் பொருள் செல்கிறது. பாரதியார் 1898 முதல் 1902 வரை அனுமான் படித்துறையிலே அத்தை வீட்டிலிருந்து பயின்றார். அங்கேதான் அவருக்கு முறுக்கு மீசையும் தலைப்பாகையும் வந்தன. இன்றும் அத்துறையிலும் கேதாரத் துறையிலும் நடந்தால் தமிழ்ப் பேச்சு காதில் விழுகிறது. இவையெல்லாம் மகிழத்தக்கன. காசியைக் காண்பது குற்றம் என்று நாம் கூறவில்லை. கூறினால் நம் நாக்கே நம்மைப் பழிக்கும்.

பசுவின் வால்

நிற்க. இரண்டாம் நாள் விடியற்காலையில் தரகர் நம் கூட்டத்தைப் படித்துறைக்கு அழைத்துச் சென்றார். அங்குப் பண்டா ஒருவர் தம் ஆட்களோடு காத்திருந்தார். முதலில் "உங்கள் விருப்பம் போல் கொடுங்கள்" என்றார். பின்னர் விருப்பத்துக்கு விலை வந்தது. பிண்டத்துக்கு ஒரு தொகை, தருப்பணத்துக்கு ஒரு தொகை, வந்தவர்க்குச் சாப்பாடு போட ஒரு தொகை, கோதானத்துக்கு ஒரு தொகை. இறந்தவரின் பெயரைச் சங்கற்பத்திற் சொல்லி, நீர் கையிலிருக்கும்போதே தொகையைக் கேட்டார். கணவன் பெயரைக் கேட்டுக் கண்ணீர் வடிக்கும் ஒரு கிழவி, கையில் நீரை ஏந்திக்கொண்டு, "அவ்வளவு இயலாது" என்று சொல்லுவாளோ? சொல்லமாட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்நேரம் பார்த்துக் கேட்பதே அத்தொழிலின் நுட்பம்.

கோதானத்துக்கு ஒரு பசு நின்றது. பாட்டியார் அதன் வாலைப் பிடித்தார். பண்டா மந்திரஞ் சொன்னார். பணம் கை மாறியது. பசு மட்டும் மாறவில்லை. அடுத்து ஆந்திரத்துக் குடும்பம் ஒன்று அதே வாலைப் பிடித்தது. அதற்கடுத்து நம் கூட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர் பிடித்தார். கணக்கெழுதும் பழக்கமுடைய நாம் எண்ணத் தொடங்கினோம். ஒரு மணி நேரத்துக்குள் அப்பசு பதினொரு முறை தானமாயிற்று. மாலையில் அது தன் பழைய வீட்டுக்கே போயிருக்கும். இக்கணக்கை நம் ஆபீசுப் பேரேட்டில் எழுதினால் நிர்வாகி நம்மைப் போலீசில் ஒப்படைப்பார். படித்துறையில் எழுதினால் அது புண்ணியக் கணக்கு!

அன்று காலை ஒரே பொழுதில் பாட்டியார் செலவழித்தது 27,000 ரூபாய். அது ஏறக்குறைய 1,500 வெள்ளி. அவ்வாண்டு நம் நாட்டுச் சட்டம் விதித்திருந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமும் அதுவே. ஒரு தொழிலாளி ஒரு மாதம் வெயிலிலும் மழையிலும் பனங்குலை சாய்த்துப் பெறுவது, படியிலே ஒரு மணி நேரத்திற் போயிற்று.

இது நாம் புதிதாகக் கண்ட கொடுமையன்று. காந்தியடிகள் 1902ஆம் ஆண்டில் மூன்றாம் வகுப்பு ரயிலில் காசிக்கு வந்து, ஞானவாபியில் ஒரு தம்பிடியைக் காணிக்கை வைத்ததும், பண்டா அதை எறிந்து நரகம் புகுவாய் என்று வைததும், பிறகு அந்தத் தம்பிடியையும் விடமனமின்றித் திரும்ப அழைத்து வாங்கிக்கொண்டதும் அவரே தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். 1916 பிப்ரவரியில் காசி இந்து சர்வகலாசாலையின் தொடக்க விழாவில், மகாராஜாக்கள் அமர்ந்திருந்த சபையிலே, விசுவநாதர் கோயிற் சந்துகளின் அழுக்கைச் சுட்டிக் கண்டித்தவரும் அவரே. அவரை நாத்திகர் என்று கூறுவாருளரோ?

சத்திரத்துச் சோறு

1904ஆம் ஆண்டில் ஈரோட்டிலிருந்து தந்தையோடு பிணங்கிப் புறப்பட்ட இளைஞர் ஒருவர் காசிக்கு வந்தார். பசி. சத்திரத்திற் சோறு உண்டு. ஆனால் பிராமணருக்கு மட்டும். பூணூல் அணிந்து உள்ளே புகப் பார்த்தார். மீசை காட்டிக் கொடுத்துவிட்டது. வெளியே தள்ளப்பட்டார். தெருவில் எறிந்த எச்சிலிலையில் இருந்த சோற்றை எடுத்து உண்டார். உண்ட பின் நிமிர்ந்து பார்த்தால், அச்சத்திரத்தைக் கட்டியவர் தென்னாட்டுப் பிராமணரல்லாத வணிகர் ஒருவர் என்று சுவரிலே எழுதியிருந்தது. அவ்விளைஞரே பின்னர்ப் பெரியார் ஈ.வெ.ராமசாமி ஆனார் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1929ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவுக்குக் கப்பலேறி வந்து நம் பாட்டன்மாரிடம் சுயமரியாதை பேசியவரும் அவரே. கட்டினவனுக்குச் சோறில்லை, கட்டாதவனுக்கு உண்டு என்னும் ஒழுங்கைக் காசிச் சுவரிலே படித்தவர், அதனைத் தம் வாழ்நாள் முழுதும் மறந்திலர்.

"அதெல்லாம் பழங்கதை, இன்று யாரும் சத்திரத்தில் சாதி கேட்பதில்லை" என்பர். மெய்தான், சட்டம் வந்தபின் கேட்பது குறைந்தது. ஆனால் எப்படிக் குறைந்தது? இந்தியா விடுதலை பெற்ற பின்னரும் விசுவநாதர் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் புகுவதற்கு 1950களில் போராட வேண்டியிருந்தது. அவர்கள் புகுந்துவிட்டார்கள் என்பதற்காகச் சனாதனிகள் சிலர் வேறொரு விசுவநாதர் கோயிலையே தமக்கெனக் கட்டிக்கொண்டனர். கடவுளைக்கூட இடம் மாற்றுவோம், மனத்தை மாற்றமாட்டோம் என்றால் அதற்கு என்ன பெயர்?

மணிகர்ணிகையிலும் அரிச்சந்திரத் துறையிலும் இரவு பகல் பிணம் எரிகிறது. அந்நெருப்பைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கொடுப்பவர் டோம் என்னும் சாதியார். அவர் தரும் நெருப்பின்றி எவருக்கும் மோட்சமில்லை என்பர். அவர் தொட்ட நீரையோ பருகமாட்டார்கள். மோட்சத்தைக் கொடுக்கும் கை தண்ணீரைக் கொடுக்கலாகாதாம்! இந்த நியாயத்தை நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துச் சிறுபிள்ளையிடம் சொன்னால்கூடச் சிரிக்கும்.

காசியே சாட்சி

இத்தகைய வியாபாரத்தைக் கண்டிக்க நாம் கடல் கடந்து போய்ச் சாட்சி தேட வேண்டுவதில்லை. காசியே சாட்சி சொல்லும். தரகர் காட்டாத காசி ஒன்று உளது. அதைப் பார்ப்பதற்காக நாம் கூட்டத்தை விட்டுப் பிரிந்து மூன்று நாள் அலைந்தோம். பாட்டியாரும், "நானும் வருகிறேன், தம்பி, கோயில் போதும்" என்று நம்மோடு புறப்பட்டார்.

கபீர் அவ்வூரில் தறி நெய்து உண்டவர். காசியில் இறந்தால் மோட்சம், மகரில் இறந்தால் கழுதைப் பிறப்பு என்பது அந்நாளைய நம்பிக்கை. வாழ்நாளெல்லாம் காசியில் இருந்த அப்பெரியார், சாகும் காலம் நெருங்கியபோது வேண்டுமென்றே காசியை விட்டு மகருக்குப் போய் உயிர் விட்டார் என்பது வரலாறு. மனத்தில் உண்மை இருந்தால் எவ்வூரும் காசி. இல்லையேல் காசியும் மகரே என்பது அவர் செய்கையின் பொருள். இன்று மகரில் இந்துக்கள் போற்றும் சமாதியும் முஸ்லிம்கள் போற்றும் கல்லறையும் அவருக்கு அருகருகே உள்ளன. இதைவிட வலிய கண்டனத்தை எந்தப் பத்திரிகை எழுதிவிட முடியும்?

ரவிதாசர் தோல் தைத்து வாழ்ந்தவர். அவர் பிறந்ததாகப் போற்றப்படும் சீர் கோவர்த்தனபுரம் நகரின் தென்புறத்தில் உளது. அவருடைய பாடல்கள் நாற்பதளவில் சீக்கியர் வேதநூலிற் சேர்ந்திருக்கின்றன. ஆண்டுதோறும் அவர் பிறந்த நாளில் பஞ்சாபிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மக்கள் திரளாக வருகின்றனர். நம் தரகரிடம் அவ்விடத்துக்கு வழி கேட்டோம். "அங்கே பார்க்க ஒன்றுமில்லை" என்றார். தக்ஷிணை வாங்க ஆளில்லாத இடத்தில் அவருக்குப் பார்க்க என்ன இருக்கும்?

ஊருக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் இருப்பது சாரநாதம். புத்தர் தம் முதலுரையை ஐவருக்கு உரைத்த மான்சோலை அதுவே. மோட்டார் வண்டியில் அரைமணிப் பொழுதில் அடையலாம். நூறடிக்கு மேல் உயர்ந்த தமேக் ஸ்தூபி வட்ட வடிவாய் நிற்கிறது. அதற்கருகே ஒரு பெரிய ஸ்தூபி இருந்த இடத்தில் இப்போது வட்டமான அடித்தளம் மட்டுமே உண்டு. 1794ஆம் ஆண்டில் காசியிலே கடைத்தெரு கட்டுவதற்காக அதன் செங்கற்களைப் பெயர்த்தெடுத்தனர். உள்ளே பேழை ஒன்று அகப்பட்டது. அதில் இருந்த எலும்புத் துண்டுகளைக் கங்கையில் விட்டுவிட்டனர். யாருடைய எலும்பு என்று ஆராயவுமில்லை. தன் ஊரின் தலைசிறந்த ஆசிரியரைச் செங்கல்லாகக் கண்ட நகரம் அது! பின்னர் 1905ஆம் ஆண்டின் அகழ்வில் அசோகருடைய நான்கு சிங்கத் தூண்தலை வெளிப்பட்டது. 1950 ஜனவரி 26இல் அதுவே இந்தியக் குடியரசின் இலச்சினையாயிற்று. இலங்கையைச் சேர்ந்த அநாகரிக தர்மபாலர் முயன்று எழுப்பிய விகாரம் 1931இல் திறக்கப்பட்டது. ஜப்பானிய ஓவியர் ஒருவர் அதன் சுவர்களிற் புத்தர் வரலாற்றைத் தீட்டினார்.

பாட்டியார் ஸ்தூபியின் நிழலிலே உட்கார்ந்தார். "இது என்ன சாமி?" என்று கேட்டார். "சாமியில்லை, பாட்டி. ஆசையைக் குறைத்துக்கொள், பிறரை வருத்தாதே என்று ஐந்து பேருக்குச் சொன்ன பெரியவர்" என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஐந்து பேருக்குச் சொல்ல எவ்வளவு கொடுத்தார்களாம்?" என்றார். ஒன்றும் கொடுக்கவில்லை என்றோம். "அதுதான் இங்கே யாரும் கூப்பிடவில்லை" என்று எழுந்தார்.

திரும்பும் வழியில் லமஹி என்னும் சிற்றூருக்குச் சென்றோம். இந்தி நாவலாசிரியர் பிரேம்சந்து 1880இல் பிறந்த ஊர் அது. அவருடைய 'கோதான்' என்னும் நாவல் 1936இல் வெளிவந்தது. ஓர் ஏழைக் குடியானவன், தனக்கென்று ஒரு பசு வேண்டும் என்னும் ஆசையோடு வாழ்ந்து, கடனிலே மூழ்கி, கூலி வேலையிற் சாகிறான். சாகும் தறுவாயில் கோதானம் செய்யவேண்டும் என்கின்றனர். அவன் மனைவி கயிறு திரித்து விற்றுச் சேர்த்த இருபது அணாவைப் புரோகிதர் கையில் வைத்து, இதுவே கோதானம் என்கிறாள். பசுவொன்று தன்னிடம் நிலைக்கப் பெறாதவனுக்குப் பசுத்தானம்! இக்கதையை அவ்வூர்ச் சாலையோரத்தில் நாம் பாட்டியாருக்குச் சொன்னோம். சொல்லி முடித்தபின் நம் நெஞ்சே நம்மைச் சுட்டது. அக்குடியானவன் மனைவியின் இருபது அணாவுக்கும், நாம் விண்ணப்பம் எழுதி எடுத்துக் கொடுத்த 5,000 வெள்ளிக்கும் என்ன பேதம்?

மறுப்பாருக்கு மறுமொழி

"வயதானவர்களின் நம்பிக்கையைக் குலைக்கலாமா?" என்று கேட்பார் உளர். நம்பிக்கையை நாம் தொடவில்லை. அதன் பேரால் நடக்கும் வசூலைத் தொடுகிறோம். பக்தியும் ஆராய்ச்சியும் ஒரு நெஞ்சில் இருக்கலாம் என்பதற்கும் காசியிலேயே சான்றுண்டு. வீரபத்ர மிஸ்ரா என்பவர் சங்கட மோசன அனுமார் கோயிலின் மகந்தர். அதே சமயம் காசி சர்வகலாசாலையில் நீரியல் கற்பித்த எஞ்சினீயர். 1982இல் ஒரு சங்கம் அமைத்துக் கங்கை நீரைச் சோதனைச் சாலையில் ஆராய்ந்து, சாக்கடை கலக்கிறது, தடுங்கள் என்று 2013இல் இறக்கும் வரை போராடினார். இந்திய அரசின் அளவுப்படி, குளிக்கும் நீரின் நூறு மில்லிலிட்டரில் மலக்கிருமி எண்ணிக்கை 2,500க்கு மேற்போகக் கூடாது. காசித் துறைகளிற் பல முறை அது அவ்வெல்லையைக் கடந்திருக்கிறது. கங்கையைத் துப்புரவாக்கும் திட்டத்தை 1986இல் அவ்வூரிலேதான் அரசு தொடங்கியது. கங்கையைத் தாய் என்று வணங்கிய மகந்தர், தாய்க்கு நோய் என்று சொல்ல அஞ்சவில்லை. அந்த நீரைப் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்து பேரப்பிள்ளைக்குப் புகட்டும் நம்மவரோ, அதனைச் சொல்வாரைப் பாவி என்கின்றனர்.

"பிறர் மதத்தில் இல்லாத யாத்திரையா? அவர்களை ஏன் கேட்கவில்லை?" என்பர் வேறு சிலர். கேட்டோம், விடையும் நம் அருகிலேயே இருக்கிறது. மலாய்ச் சகோதரர்களிடையே முற்காலத்தில் ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டு, திரும்பி வந்தபின் வாட நேர்ந்தவர் பலர். அக்குறையை அவர்கள் மறைக்கவில்லை. ஆராய்ந்தனர். 1963இல் தாபோங் ஹாஜி என்னும் சேமிப்பு நிறுவனம் தோன்றியது. சிறுகச் சேர்த்து, கடன்படாமற் போய் வருகின்றனர். இயலாதவர்மேல் கடமையில்லை என்பதும் அவர்கள் மதத்தின் கட்டளை. அண்டை வீட்டார் தம் யாத்திரையைச் சீர்திருத்திக்கொண்டனர். நாமோ சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்துகிறோம்.

மூன்றாவது மறுப்பு ஒன்றுண்டு. அதனைச் சொன்னவர் தரகருமல்லர், பண்டாவுமல்லர், பாட்டியாரே. கடைசி நாள் விடியலில் படகிற் சென்றோம். சூரியன் எழுந்தது. அவர் இமைக்காமற் பார்த்துக்கொண்டிருந்தார். "நாற்பது வருஷம் விடியற்காலையை மரப்பட்டையிலேதான் பார்த்தேன், தம்பி. உட்கார்ந்தபடி சூரியன் வருவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இதற்கும் கணக்குப் பார்ப்பீர்களா?" என்றார்.

இதற்கு நம்மிடம் மறுமொழியில்லை. இருப்பதாக நடிக்கவும் மாட்டோம். பெரட்டு மணியும் வாளியும் கத்தியுமாக வாழ்நாளைக் கழித்த ஒருவர், உலகத்தின் பெரிய காட்சி ஒன்றை ஒருமுறை காண விரும்பினால், வேண்டாம் என்று சொல்ல எவருக்கு உரிமையுண்டு? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சூரியனுக்கு அவர் கொடுத்தது படகுக்கூலி மட்டுமே. 27,000 ரூபாய் போனது சூரியனுக்கன்று; பசுவின் வாலுக்கு. நம் மக்களுக்கு உள்ளபடி வேண்டியது ஊர் காணும் இன்பம். அதை வெளிப்படையாகக் கேட்க அவர்கள் கூசுகின்றனர். உழைத்தே பழகிய உடம்புக்கு ஓய்வு கேட்பது பாவம் என்று கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, இறந்தவர் பேரைச் சொல்லி ஊர் காணப் போகின்றனர். அந்தக் கூச்சத்தைத்தான் தரகரும் பண்டாவும் விலை பேசி விற்கின்றனர்.

செய்யத்தக்கது

ஆகவே நாம் கூறுவது இது. போக விரும்புவோர் போகுக. ஆனால் பேரப்பிள்ளையின் படிப்புப் பணத்தில் போகற்க. வட்டிக்கு வாங்கிப் போகற்க. 1960இல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர் சிறுகச் சிறுகக் கொடுத்த காசைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, துண்டாடப்படவிருந்த தோட்டங்களை அவர்கள் பேராலேயே வாங்கிக் காட்டவில்லையா? தோட்டத்தை வாங்கத் தெரிந்த கூட்டத்துக்கு ஒரு யாத்திரைச் சீட்டு நடத்தத் தெரியாதா? ஒவ்வொரு தோட்டத்து ஆலயக் குழுவும், நகரத்துச் சங்கமும், மாதம் பத்து இருபது வெள்ளியாகச் சேர்க்கும் நிதியொன்றைத் தொடங்கட்டும். பெரியவர்களைத் தரகர் கையில் விடாமல், படித்த பிள்ளைகள் இருவர் உடன் செல்லட்டும். படித்துறையில் கேட்கும் தொகைக்கு இவ்வளவுக்கு மேலில்லை என்று கூட்டமாக நின்று சொல்லட்டும். தனியே நிற்கும் கிழவியிடம் பறிப்பது எளிது. கைகோத்து நிற்கும் பதினால்வரிடம் பறிப்பது அரிது. விசுவநாதர் கோயிலுக்குப் போகிறவர் சாரநாதத்துக்கும் போகட்டும். கபீர் இருந்த தெருவையும், ரவிதாசர் ஊரையும், பிரேம்சந்து பிறந்த வீட்டையும் கண்டு வரட்டும். அப்போதுதான் காசி முழுவதும் கண்டவராவர்.

படித்த கூட்டத்தாருக்கும் ஒரு சொல். நம்மைப் போன்ற கிராணிகளும் ஆசிரியர்களும் ஏழைகளின் விண்ணப்பங்களை எழுதுகிறோம். அவர்கள் மூடத்தனத்தைப் பற்றி நமக்குள்ளே பேசிச் சிரிக்கவும் செய்கிறோம். பேனாவை நிறுத்தி, "பாட்டி, உட்காருங்கள், பேத்தி படிப்பு என்னாகும்?" என்று கால்மணி நேரம் பேச நமக்கு நேரமில்லை. அன்று நாம் பேசியிருந்தால் ஒருவேளை அவர் ஓராண்டு பொறுத்துப் போயிருப்பார். பண்டா வாங்கிய பழி பாதி. வாய்மூடி எழுதிய நம் பழி பாதி.

அப்பேத்தி இவ்வாண்டும் கல்லூரிக்குப் போகவில்லை; கையுறைத் தொழிற்சாலையில் இரவுநேர வேலை செய்கிறாள். அவள் சம்பளத்திலிருந்து மாதம் 150 வெள்ளி வட்டிக்குப் போகிறது. முதல் இன்னும் குறையவில்லை. நம் கூட்டத்திற் சென்றவர்களும் தோட்டத்து இளைஞர் சிலரும் சேர்ந்து அக்கடனை அடைக்கப் பணம் திரட்டத் தொடங்கியிருக்கிறோம். முதல் நூறு வெள்ளியை நாம் வைத்தோம். அது தருமமன்று, நாம் பட்ட கடன்.

காசிக்குப் போவோர் அங்கே ஒரு காயையும் ஒரு கனியையும் விட்டுவருதல் வழக்கம். பாட்டியாரிடம் எதை விட்டீர்கள் என்று கேட்டோம். "பாகற்காயையும் கொய்யாவையும்" என்றார். பின்பு சிறிது யோசித்து, "அடுத்த முறை போகிறவர்களிடம் சொல்லுங்கள், தம்பி: காயும் கனியும் கிடக்கட்டும், பயத்தை விட்டுவரச் சொல்லுங்கள்" என்றார்.

சொல்லிவிட்டோம். கேட்பது உங்கள் கையில் இருக்கிறது.